அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் நான்காக மடித்த ஓர் அச்சுத் தாள் இருக்கிறது. பாட்டுக் குறுந்தகட்டின் பெட்டிக்குள் செருகும் சிற்றேட்டின் மெய்ப்பு, அதாவது அச்சிடும் முன் பிழை பார்க்க எடுக்கும் படி, அது. பதினான்கு ஆங்கிலப் பாடல்களின் தலைப்புகளும், ஒவ்வொரு தலைப்பின் கீழும் எறும்பு அளவு எழுத்தில் அடைப்புக்குறிக்குள் அதை இயற்றியவரின் பெயரும் அதில் உள்ளன. ஒன்பதாவது பாடலின் கீழுள்ள பெயரை ஒரு சிவப்புக் கோடு குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஓரத்தில் என் கையெழுத்தில் வேறொரு பெயர். தாளின் அடியில், சரிபார்த்தவர் ஒப்பமிட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் வாடகைப் பத்திரம், வரிப் படிவம், பள்ளிக்கூட அனுமதிச் சீட்டு என எத்தனையோ தாள்களில் ஒப்பமிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் பாதுகாத்து வைக்கவில்லை. ஒப்பமிடாத இந்த ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள்களையும் மருந்துச் சீட்டுகளையும் சரிபார்த்துச் சரிபார்த்து ஆங்கிலம் கற்றேன். ஒரு மருந்தின் பக்கவிளைவுகளை எழுத்துப் பிழையின்றிச் சொல்லத் தெரிந்த எனக்கு, அம்மொழியில் ஒருவரிடம் நலம் விசாரிக்கத் தெரியாது. என் மனைவி செவிலியர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூ ஜெர்சி மருத்துவமனை ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. அவர் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றைப் போல நானும், ஏழு வயது மகளும் வந்து சேர்ந்தோம். அங்கே பிஸ்கட்டவே என்ற ஊரில் குடியிருப்பு. எங்கள் கட்டடத்திலேயே வசித்த கீழக்கரைக்காரர் ஒருவர், என்னைவிட இளையவர், எல்லோருக்கும் பாய், அருகிலிருந்த அச்சகத்தில் இயந்திரப் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்தார். அவர் சொல்லித்தான் அங்கே சரிபார்ப்பு அறையில் எனக்கு இடம் கிடைத்தது.

அவ்வறையில் வேலை இருவர் இருவராக நடக்கும். ஒருவர், வாடிக்கையாளர் அனுப்பிய மூலப் பிரதியை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் மெய்ப்பின்மேல் பென்சில் முனையை நகர்த்தியபடி கேட்பார். சொற்களை மட்டும் படித்தால் போதாது. கமா, பெரிய எழுத்து, அடைப்புக்குறி திறப்பது, மூடுவது என அனைத்தையும் வாயால் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் ஒன்றாக இருந்தால் பென்சில் நகரும். வேறாக இருந்தால் சிவப்பு மை விழும். கேட்பவர் மூலப் பிரதியை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. பார்த்துவிட்டால் கண் தன் இஷ்டத்துக்குச் சமாதானம் செய்துகொள்ளும் என்பார்கள். ஆகவே கேட்பவனுக்குப் படிப்பவரின் வாய்தான் மூலம். அந்த வாயை நம்பித்தான் அவன் ஒப்பமிடுகிறான்.

எனக்குப் படிப்பவராக வாய்த்தவர் ஓர் ஆங்கிலேயர். முப்பத்தைந்தை ஒட்டிய வயது, நெடிய உருவம், எந்தப் பருவத்திலும் ஒரே கறுப்புக் கோட்டு. வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது நான் துரை என்று குறிப்பிடுவேன். ஒருநாள் பாய் சிரித்துக்கொண்டே அச்சொல்லின் பொருளை அவரிடமே போட்டு உடைத்துவிட்டார். அவர் கோபிக்கவில்லை. தம் தகப்பனார் ஒரு துறைமுக ஊரில் பஸ் கண்டக்டர் என்றும், துரைமார் வீட்டு நாய்தான் தங்கள் தெருவுக்கு வந்திருக்கிறதே ஒழிய துரைமார் வந்ததில்லை என்றும் சொன்னார். பிறகு அச்சொல்லைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு, அந்தச் சீட்டைத் தம் மேசை விளக்கில் ஒட்டிக்கொண்டார். தமக்குக் கிடைத்த ஒரே பட்டம் என்று வருவோர் போவோரிடம் காட்டுவார்.

படிக்கும்போது அவர் குரலில் ஏற்றமும் இராது, இறக்கமும் இராது. காதல் பாட்டின் வரியையும் மூலநோய்க் களிம்பின் உட்பொருள்களையும் ஒரே குரலில் படிப்பார். அமெரிக்கர்கள் முற்றுப்புள்ளியை பீரியட் என்பார்கள். மேலாளர் மும்முறை சொல்லியும் அவர் ஃபுல் ஸ்டாப் என்றே படித்தார். “பீரியட் என்பது காலம். காலம் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடாது” என்பது அவர் வாதம். ஆறு ஆண்டுகள் அவர் எதிரில் அமர்ந்திருந்தேன். ஒரு கமாவைக்கூட அவர் விட்டதில்லை. இது பின்னால் வரும் நிகழ்ச்சிக்கு முக்கியமாதலால் இங்கேயே அழுத்திச் சொல்லி வைக்கிறேன்.

அவர் பாட்டு எழுதியவர் என்பதை நான் நான்காம் ஆண்டில்தான் அறிந்தேன். மதிய உணவு இடைவேளையில் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கழித்துப்போட்ட மெய்ப்புத் தாள்களின் பின்புறத்தில் மறு கையால் எதையோ எழுதுவார். என்னவென்று கேட்டேன். “வேலை” என்றார். இருபது வயதில் அவர் லண்டனுக்குப் போனபோது, கிட்டாரை உடைத்துக் கூச்சலிடும் அலை ஒன்று ஓய்ந்து, மின்னணு இசைப்பலகைகளை வைத்துக்கொண்டு இளைஞர்கள் புதுவிதமாய்ப் பாடத் தொடங்கியிருந்த காலம். நியூ வேவ் என்று அதற்குப் பெயர். நால்வராகச் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். பாடியவர் வேறொருவர், பார்க்க இலட்சணமானவர். எழுதி மெட்டமைத்தவர் இவர். மேடையில் பின்வரிசையில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று வாசிப்பாராம்.

அவர் தாயார் பஸ் பணிமனையில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் திரும்பக் கேட்டு வராத குடைகளைப் பற்றி இவர் ஒரு பாட்டு எழுதினார். மூன்று சரணம். இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு மெட்டு பிடித்துப் போயிற்று. மூன்றாவது சரணத்தில் குடைக்கு உரியவள் திரும்பி வந்து, கவுண்ட்டரில் இருப்பவனைக் காதலிப்பதாக மாற்றித் தரச் சொன்னார்கள். இவர் மாட்டேன் என்றார். “என் அம்மா இருபது வருஷம் அங்கே நின்றார். ஒருத்தியும் திரும்பி வரவில்லை” என்றாராம். எழுதியபடியே வெளிவந்து, பாட்டு நாடெங்கும் ஒலித்தது. ஆனால் மறுத்தவரை நிறுவனம் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே குழுவிலிருந்து விலக்கினார்கள். பிந்தைய பதிப்புகளில் அடைப்புக்குறிக்குள் பாடகரின் பெயர் மட்டும் வரத் தொடங்கிற்று. இவர் தனியாக இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார், எவரும் கவனிக்கவில்லை. பிறகு நியூ ஜெர்சி ஆசிரியை ஒருவரை மணந்து இங்கே வந்தார். மணம் நிலைக்கவில்லை. எழுத்து நிலைத்தது.

என் மகள் அப்போது நடுநிலைப் பள்ளியில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் இக்கதையைச் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அப்பா, நோ வே! அது எங்க ஸ்கூல் டான்ஸ்ல எல்லாம் போடுவாங்க. எவ்ரிபடி நோஸ் தட் ஸாங்.”

“அத எழுதினவருதான் அப்பாகூட உக்காந்து மாத்திரை பாக்கெட் படிக்கிறாரு” என்றார் மனைவி.

“தட்ஸ் ஸோ ஸேட்.”

அவள் கண்ணில் இரக்கம் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. “இதில் சோகம் எதுவும் இல்லை. அவர் நாள்தோறும் எழுதுகிறார்” என்றேன். வீட்டில் எழுத்துத் தமிழில் பேசினால் நான் கோபத்தில் இருக்கிறேன் என்பது இருவருக்கும் தெரியும்.

மறுவாரம் அவர் பழைய சிறிய இசைத்தட்டு ஒன்றை அச்சகத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். முதற்பதிப்பு. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பாடல் தலைப்பின் கீழே, அடைப்புக்குறிக்குள், அவர் பெயர் மட்டும் இருந்தது. வழக்குத் தொடுத்தால் என்ன என்று கேட்டேன். வழக்கறிஞர்களுக்குப் பணம் வேண்டும், தமக்குப் பணம் வேண்டாம் என்றார். “மூன்றாவது சரணத்தை மாற்ற மறுத்தவன் நான். அந்த மறுப்புக்காவது ஒரு பெயர் இருக்க வேண்டும்” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸை ஒட்டி அச்சகத்தில் ஆண்டுதோறும் ஒரு பகல் விருந்து நடக்கும். ஒருமுறை மேலாளர் எங்கிருந்தோ கேள்விப்பட்டு, குடைப் பாட்டைப் பாடும்படி துரையை எல்லோர் முன்னும் வற்புறுத்தினார். அவர் எழுந்தார். அந்தப் பாட்டைப் பாடவில்லை. அவ்வாரம் சாண்ட்விச் தின்றபடி எழுதிய ஒன்றை, எங்கள் அச்சகத்தின் கார் நிறுத்துமிடத்தைப் பற்றியது, மேசையில் விரலால் தட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பாடினார். கூடத்தில் பேச்சு அடங்கி, தட்டுகளின் ஓசை மட்டும் கேட்டது.

“அண்ணே, முடிஞ்சிருச்சா? கை தட்டலாமா?” என்று பாய் என் காதில் கேட்டார்.

“தட்டுங்க தம்பி.”

நாங்கள் இருவர் மட்டும் தட்டினோம். துரை, நிறைந்த அரங்கைப் பார்ப்பவர் போல, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு அமர்ந்து, கேக்கைத் தின்றார்.

எங்கள் ஆறாம் ஆண்டில், ஒரு முற்பகலில், அந்தச் சிற்றேடு எங்கள் மேசைக்கு வந்தது. எண்பதுகளின் புகழ்பெற்ற பாடல்கள் பதினான்கின் தொகுப்பு. அவர் மூலப் பிரதியை எடுத்தார், நான் மெய்ப்பை எடுத்தேன். எட்டுப் பாடல்கள் வழக்கமான குரலில் கடந்தன. ஒன்பதாவது தலைப்பைப் படித்தார். குடைப் பாட்டு. “பிராக்கெட் ஓபன்” என்றார். அதன்பின் ஒரு மூச்சு இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு பெயரைப் படித்தார். “பிராக்கெட் க்ளோஸ்.”

என் பென்சில் நின்றுவிட்டது. மெய்ப்பில் இருந்தது பாடகரின் பெயர். நான் கேட்டது துரையின் பெயர்.

வேறுபாடு தோன்றினால் மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும் என்பது முறை. “மறுபடி” என்றேன். அவர் தலை நிமிரவில்லை. தம் பெயரை எழுத்தெழுத்தாக, எது பெரிய எழுத்து எது சிறிய எழுத்து என்று சொல்லி, களிம்பின் உட்பொருளைப் படிக்கும் அதே குரலில் படித்தார். மூலப் பிரதியிலும் பாடகரின் பெயரே இருக்கிறது என்பதை நான் எட்டிப் பாராமலே அறிந்துகொண்டேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம். தாளில் இல்லாததைப் படிப்பது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். அதை இவர் செய்துவிட்டு, சுமையை என் பென்சில் முனையில் இறக்கி வைத்துவிட்டார். நான் பேசாமல் நகர்ந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிராது. ஆனால் ஆறு ஆண்டுகளாகப் பிழையே படிக்காத வாய் அது. அதை நம்பி ஆயிரம் மருந்துச் சீட்டுகளில் ஒப்பமிட்ட நான், அது முதல்முறையாகத் தன் பெயரைச் சொல்லும்போது நம்பாமல் போவதா? உருப்பெருக்கியின் அடியில் நான் கண்ட பெயரும் அதுவே. சிவப்புப் பேனாவைத் திறந்து பாடகரின் பெயரை வெட்டினேன். ஓரத்தில் கேட்டதை எழுதினேன். பிறகு மீதமிருந்த ஐந்து பாடல்களையும் ஒழுங்காகப் படித்து முடித்தோம். வேலை வேலைதானே.

சிறிது நேரத்தில் பாய் வந்தார்.

“அண்ணே, கையெழுத்தப் போடுங்க. மெஷின் நிக்குது.”

“காதுல கேட்டது வேற, தாள்ல இருக்கிறது வேற தம்பி. எப்படிப் போட?”

பாய் மூலப் பிரதியைப் புரட்டினார். “காப்பியில சரியாத்தானண்ணே இருக்கு! உங்க தொரை வேணும்னே மாத்திப் படிச்சிருக்காரு.”

“வேணும்னு படிச்சாரோ வேணாம்னு படிச்சாரோ, நான் கேட்டது அதான். காப்பியைப் பாக்கக் கூடாதுன்னு ரூல் போட்டது நீங்கதான.”

“அட என்னண்ணே, சின்னப்புள்ள மாதிரி! ஒத்தப் பேரு. எறும்பு சைஸு. எவன் படிக்கப் போறான்?”

“எவனும் படிக்க மாட்டான்னா, மாத்துறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரெண்டு பேரும் சேர்ந்து என் கம்பெனிய மூடிருவீங்க போல” என்று சொல்லிவிட்டு மேலாளரை அழைத்துவரப் போனார்.

மேலாளர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். இரண்டும் ஒத்திருக்கின்றன, ஒப்பமிடுங்கள் என்றார். மருந்துச் சீட்டில் கற்ற என் ஆங்கிலத்தில், நான் கேட்டதையே குறித்தேன், கேளாததற்கு ஒப்பமிட இயலாது என்று நின்றபடியே சொன்னேன். அவர் துரையிடம் திரும்பி, தவறாகப் படித்தாயா என்று கேட்டார்.

“இல்லை. தவறாக எழுதப்பட்டிருந்ததைச் சரியாகப் படித்தேன்” என்றார் துரை.

வாடிக்கையாளருக்குத் தொலைபேசி போயிற்று. பிரதியில் உள்ளபடியே அச்சிடுங்கள் என்று உடனே பதில் வந்தது. மேலாளர் புதிதாக ஒரு மெய்ப்பை எடுக்கச் செய்து தாமே ஒப்பமிட்டார். பாடகரின் பெயரோடு இயந்திரம் ஓடத் தொடங்கிற்று. துரை மறுநாளிலிருந்து வர வேண்டியதில்லை என்றார்கள். அது அநீதி என்று நான் சொல்ல மாட்டேன். தம் வாயின் விலை என்ன என்பது தெரிந்தேதான் அவர் படித்தார். விளக்கில் ஒட்டியிருந்த தமிழ்ச் சீட்டைக் கவனமாக உரித்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் கையைப் பற்றி, “இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல விமர்சனம் உங்கள் சிவப்புக் கோடு” என்றார். குப்பைக் கூடையிலிருந்து அந்த மெய்ப்பை எடுத்து நான் மடித்துக்கொண்டதைப் பாய் பார்த்தார். பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று வீட்டில் நான் சொல்லி முடிக்கும்வரை மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உங்க வேலையும் போச்சா?”

“இல்லை. மருந்துச் சீட்டுப் பக்கம் தனியாய் உட்கார வைத்துவிட்டார்கள்.”

“ஒரு கையெழுத்துப் போட்டா கொறஞ்சா போயிருவீங்க?”

“ஆமாம்.”

அவர் கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மறுநாள் காலை என் சாப்பாட்டுப் பையில் எலுமிச்சை சாதம் இரண்டு டப்பாவில் இருந்தது. “ஒண்ணு உங்க தொரைக்கு. அவரு வீட்டுல குடுத்துட்டுப் போங்க” என்றார்.

அடுத்த கோடையில் துரை டெக்ஸாஸுக்குப் போய்விட்டார். பழைய பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை. அங்கிருந்து அவ்வப்போது அஞ்சலட்டை வரும். ஒவ்வொன்றிலும் கையொப்பத்தின் இடத்தில், கோணல் எழுத்தில், ‘துரை’ என்று தமிழில் வரைந்திருப்பார். இரண்டாயிரமாம் ஆண்டின் இறுதிவாக்கில் ஒரு தடித்த உறை வந்தது. தம் புதிய பாடல்களைத் தாமே பதிவு செய்து குறுந்தகடாக வெளியிடப் போவதாகவும், அட்டையின் மெய்ப்பை அனுப்பியிருப்பதாகவும், ஞாயிறு காலை தொலைபேசியில் அழைத்துப் படிக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். “சிவப்புப் பேனாவை எடுத்து வையுங்கள்” என்பது கடைசி வரி.

அழைப்பு வந்தது. டெக்ஸாஸிலிருந்து அவர் படிக்க, நியூ ஜெர்சியில் என் பென்சில் நகர்ந்தது. பன்னிரண்டு தலைப்புகள். பன்னிரண்டு முறை பிராக்கெட் ஓபன், அவர் பெயர், பிராக்கெட் க்ளோஸ். மனைவி இட்லித் தட்டோடு வந்து நின்றார்.

“லாங் டிஸ்டன்ஸ்ல கூப்பிட்டு கமா வாசிக்கிறாரா உங்க தொரை? நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டாரா?”

நான் கையமர்த்தினேன். கார் நிறுத்துமிடத்தைப் பற்றிய பாட்டு ஏழாவதாக இருந்தது. எல்லாம் ஒத்திருந்தன. கடைசி வரி முடிந்து நான் பென்சிலை வைக்கப் போனபோது அவர் நிறுத்தவில்லை. தாளில் இல்லாத ஒரு வரியை அதே குரலில் படித்தார். “சரிபார்த்தவர்” என்றார். பிறகு என் பெயரை, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, எழுத்தெழுத்தாகப் படித்தார். ஃபுல் ஸ்டாப் என்றார்.

“என் தாளில் இந்த வரி இல்லை” என்றேன்.

“அப்படியானால் உங்களுக்கு என்ன செய்வதென்று தெரியும்” என்றார்.

சிவகாசியில் தொடங்கி அன்றுவரை எத்தனையோ தாள்கள் என் கையைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் அச்சானதில்லை. சரிபார்ப்பவனின் பெயர் அச்சாவது வழக்கமில்லை, நானும் அதை எதிர்பார்த்ததில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். காதில் கேட்டதை எழுதினேன். மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் எழுதுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது நாங்கள் நியூ ஜெர்சியிலேயே மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் மகளோடு இருக்கிறோம். பாடல்கள் காற்றில் வருகின்றன. அவற்றுக்குப் பெட்டியும் இல்லை, அட்டையும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. காரில் குடைப் பாட்டு வரும்போது சிறு திரையில் பாடகரின் பெயர் மட்டும் ஓடும். பெரிய நிறுவனங்களுக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. இன்னும் எழுதுகிறேன். துரைக்குக் காது சற்று மந்தமாகிவிட்டது. அவரும் இன்னும் எழுதுகிறார்.

இழுப்பறையில் அந்தத் தாள் மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. நான் ஒட்டுப் போடவில்லை. அதில் உள்ளது எனக்கு மனப்பாடம். மளிகைக் கடைக்குப் போகும் வழியில் காரில் குடைப் பாட்டு தொடங்கினால், ஓட்டிக்கொண்டிருக்கும் மகள் ஒலியைக் குறைக்கிறாள். சாலையைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். நான் ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் தலைப்பைச் சொல்கிறேன். பிராக்கெட் ஓபன் என்கிறேன். எழுத்தெழுத்தாக அவர் பெயரைப் படிக்கிறேன். பிராக்கெட் க்ளோஸ். ஃபுல் ஸ்டாப். அதன்பிறகுதான் அவள் ஒலியைக் கூட்டுகிறாள்.